ஒரே ஓர் அறுகோணத்தில் சிங்கப்பூர்

இந்தப் பகுதியில் வழக்கமாக நூல்களைப் பற்றித்தான் எழுதுவோம்: ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு நாவல், எப்போதாவது ஒரு மேடை நாடகம். இந்த முறை ஒரு பலகை விளையாட்டு. "விளையாட்டுக்கெல்லாமா விமர்சனம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நியாயமான கேள்விதான். வரலாற்றைச் சொல்கிற எந்தப் படைப்பையும் யாரோ ஒருவர் ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டுதான் சொல்கிறார். எங்கே நின்று சொல்கிறார், அங்கிருந்து அவர் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்ப்பதற்குத்தானே விமர்சனம் என்று பெயர்? அப்படிப் பார்க்க இந்த விளையாட்டு இடம் கொடுக்கிறது. அதைவிட முக்கியமாக, இதில் நம்ம ஊர் இருக்கிறது.

பெயர் ‘எம்பயர் ஆஃப் த சன்’. ‘சூரியப் பேரரசு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜிஎம்டி கேம்ஸ் நிறுவனம் 2005ல் வெளியிட்டது. வடிவமைத்தவர் மார்க் ஹெர்மன், 1970களிலிருந்தே இந்தத் துறையில் இருப்பவர். இருவர் ஆட வேண்டும். ஒருவர் ஜப்பான், மற்றவர் நேசநாடுகள். 1941 டிசம்பரில் தொடங்கி 1945 வரை நடந்த பசிபிக் போர் முழுவதும் ஒரே மேசைமேல் விரியும். மேற்கே இந்தியா, கிழக்கே ஹவாய். நடுவில் அத்தனை கடலும் அத்தனை தீவும் அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். படைகள் சிறு சதுர அட்டைத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் படையின் பெயரும் சில எண்களும் இருக்கும். அடிபட்டால் திருப்பிப் போட வேண்டும், மறுபக்கத்தில் எண்கள் சிறிதாக இருக்கும். மறுபடி அடிபட்டால் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

இந்த வகை விளையாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. பிரஷ்ய ராணுவத்தைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் 1824ல் அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அதைக் கடைச் சரக்காக மாற்றியவர் அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ். 1958ல் கெட்டிஸ்பர்க் போரை வைத்து அவர் ஒரு விளையாட்டை விற்றார். முதலில் சதுரக் கட்டங்கள். 1961ல் வந்த பதிப்பில் அவை அறுகோணங்களாயின. காரணம் எளிது. சதுரத்தில் மூலைவாட்டாக நகர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் கடக்கலாம், அது ஒரு ஏமாற்று. அறுகோணத்தில் ஆறு பக்கமும் சம தூரம். கணித ஆசிரியர் யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவார்.

போர் விளையாட்டு என்றதும் நமக்குச் சதுரங்கம்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஆடு புலி ஆட்டமே பொருத்தமாகப் படுகிறது. சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் ஒரே காய்கள், ஒரே இலக்கு. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி ஒரு பக்கம், பதினைந்து ஆடு மறுபக்கம். புலி வெட்டினால் வெற்றி, ஆடு மடக்கினால் வெற்றி. இரண்டு பேரும் ஒரே பலகையில் வேறு வேறு ஆட்டம் ஆடுகிறார்கள். ‘எம்பயர் ஆஃப் த சன்’ அந்த வகை. ஜப்பான் தொடக்கத்தில் புலி. பாய வேண்டும், சீக்கிரம் பாய வேண்டும், ஏனென்றால் எதிரே ஆடுகள் பெருகிக்கொண்டே இருக்கும். அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்கள் வேலையை ஆரம்பித்துவிட்டால் புலியால் நகரக்கூட முடியாது.

இந்த அவசரத்தை விளையாட்டு மிக நன்றாகக் கையில் உணரவைக்கிறது. பாடநூல் "ஜப்பானுக்கு எண்ணெய் தேவைப்பட்டது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடும். மாணவர் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார். இங்கே அந்த எண்ணெய் இருக்கும் அறுகோணங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன: சுமத்ராவில், போர்னியோவில். கையில் இருப்பவையோ சில சீட்டுகள்தாம். ஒரு சீட்டை அதில் அச்சிட்டிருக்கும் நிகழ்வுக்காகப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் சாதாரணப் படைநகர்வுக்குப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் ஒருசேர முடியாது. பிலிப்பீன்ஸா, மலாயாவா, எது முதலில்? சிங்கப்பூரை விழுங்காமல் பாலெம்பாங் எண்ணெயைத் தொட முடியுமா? 1942 பிப்ரவரி 14ஆம் தேதி ஜப்பானிய வான்குடைப் படையினர் பாலெம்பாங்கில் குதித்தார்கள். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது. இவ்விரண்டு செய்திகளும் வேறு வேறு பக்கங்களில் இருக்கும்வரை தேதிகள்தாம். பலகையில் அவை ஒரே திட்டத்தின் இரண்டு விரல்கள் என்று தெரிந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே விளையாட்டை மதிக்கலாம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். சிங்கப்பூர் இந்தப் பலகையில் ஒரே ஓர் அறுகோணம். மலாயா தீபகற்பம் முழுவதும் சில அறுகோணங்கள். ஒரு படை அட்டையைச் சிங்கப்பூர்மேல் வைத்தால் துவாஸிலிருந்து சாங்கிவரை மூடிவிடும், தேக்கா தனியாக எங்கே தெரியப்போகிறது! முதல் சுற்றைத் தவிர மற்ற ஒவ்வொரு சுற்றும் நான்கு மாதம். அதாவது 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது, 10ஆம் தேதி ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ கப்பல்கள் மூழ்கியது, ஜனவரி 7ஆம் தேதி ஸ்லிம் ஆற்றங்கரையில் டாங்கிகள் 11ஆம் இந்தியப் படைப்பிரிவை நசுக்கியது, ஜனவரி 31ஆம் தேதி ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது, பிப்ரவரி 8ஆம் தேதி இரவு சரிம்புன் கரையில் படகுகள் ஒதுங்கியது, 13, 14ஆம் தேதிகளில் பாசிர் பாஞ்சாங்கில் லெஃப்டினன்ட் அட்னானும் மலாய்ப் படையினரும் நின்று மடிந்தது, 15ஆம் தேதி புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்திட்டது, இத்தனையும் ஒரு சீட்டு, ஒரு பகடை உருட்டலில் முடிந்துவிடலாம். பத்து முகப் பகடை. ஐந்து நொடி.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகப் படத்தில் நம் தீவைத் தேடிப் பழகியவர்கள்தானே நாம்! அளவு என்று ஒன்று உண்டு. ஹைக்கூவில் காப்பியத்தை எதிர்பார்க்கக் கூடாது. என் கேள்வி வேறு. அந்த ஓர் அறுகோணத்துக்குள் போட்ட அட்டையில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது?

யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் சரணடைந்தபோது பெர்சிவலிடம் ஏறத்தாழ 85,000 பேர் இருந்தார்கள். தாக்க வந்தது 30,000 பேர்தாம், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, வெடிமருந்தும் தீரும் நிலையில் இருந்தது என்று யமஷிதாவே பிற்பாடு குறிப்பிட்டிருக்கிறார். ஆளெண்ணிக்கையை மட்டும் அட்டையில் போட்டால் சிங்கப்பூர் விழவே விழாது. ஆகவே வடிவமைப்பாளர் ஆட்களை எண்ணவில்லை. பயிற்சி, வானாதிக்கம், தலைமை, களைப்பு, பயம் எல்லாவற்றையும் மனத்தில் நிறுத்தி, ஒரு தரப்புக்குப் பெரிய எண்ணும் மறுதரப்புக்குச் சிறிய எண்ணும் கொடுத்திருக்கிறார். அந்த எண் ஒரு தீர்ப்பு. நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு பின்னால் நின்று எழுதிய தீர்ப்பு. நம் மொழியில் சொன்னால் அவர் ஓர் உரையாசிரியர். மூலம் 1942ல் நடந்தது, அட்டையிலிருக்கும் எண் அவர் எழுதிய உரை. பரிமேலழகர் உரையைக் குறளென்று நினைத்து எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் உண்டல்லவா? எண்ணைப் பார்த்ததும் அது உண்மை என்று நம்பிவிடுவது அதே பிழைதான். எண் உருவத்தில் இருப்பதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை, அவ்வளவே.

உரை மோசம் என்று சொல்லவரவில்லை. நல்ல உரைதான். ஆனால் எந்த உரையிலும் உரையாசிரியரின் காலமும் சார்பும் தெரியும். இதில் எங்கே தெரிகிறது?

இந்த இடத்தில் இலக்கணத்தைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டை உயர்நிலை நான்கு மாணவர்கள் சிலரோடு பள்ளி விடுமுறையில் ஆடினேன். விதிப்புத்தகம் ஆங்கிலம். ஆட்டத்தின்போது நடப்பதைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தேன். வேறொன்றுமில்லை, வாய்மொழித் தேர்வுக்கு ஒரு பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான். அவர்கள் பேசியவை இப்படி இருந்தன: "25ஆவது சேனை இறங்குது." "இந்தப் படை அடிபட்டிடுச்சு, திருப்பிப் போடு." "மலாயா சரணடைஞ்சிடுச்சு." வாக்கியம் ஒவ்வொன்றையும் கவனித்தீர்களா? எல்லாம் ஒன்றன்பால் வினைமுற்று. இறங்குது, அடிபட்டிடுச்சு, சரணடைஞ்சிடுச்சு. மூன்று மணி நேர ஆட்டத்தில் ‘ஆர்’ விகுதி பெற்ற வினைமுற்று ஒன்றுகூட என் காதில் விழவில்லை, சீட்டை ஒளித்துவைத்த நண்பனைத் திட்டியபோது தவிர. அதுவும் ‘ஆன்’ விகுதிதான்!

இது மாணவர்களின் தவறில்லை. தமிழ் அப்படித்தான் பேசவைக்கும். மனிதர்களைக் குறித்தாலும் சில சொற்கள் அஃறிணை முடிபையே கொள்ளும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒரு பட்டியலே கொடுக்கிறது. குழவி, அரசு, குழு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அரசு ஆண்டது, குழு வந்தது. பொருள் உயர்திணை, சொல் அஃறிணை. படையும் அப்படித்தான். ஆயிரம் பேர் நடந்து வந்தாலும் ‘படை வந்தது’. வீரர்கள் என்று வாயைத் திறந்தால்தான் ‘வந்தார்கள்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் இலக்கணக்காரர்கள் பார்த்துவைத்த ஒரு விஷயத்தை இந்த அட்டைத் துண்டு கையில் எடுத்துக் காட்டுகிறது: கூட்டமாக்கிப் பெயரிட்டால் மனிதர் அஃறிணையாகிவிடுவார்.

ஆட்டம் முடிந்து அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இதுல நாம யாரு?"

நல்ல கேள்வி. ஜப்பானாக ஆடியவனுக்கு ஜப்பான், நேசநாடுகளாக ஆடியவளுக்கு நேசநாடுகள். ‘நாம்’ எங்கே? நான் உடனே பதில் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தைத் திறந்து இரண்டு பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். என் விமர்சனத்தின் மையமும் இதுதான்.

முதல் பகுதி, அமெரிக்காவின் அரசியல் மனவுறுதி. இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. நாடுகள் ஜப்பானிடம் விழவிழ அது இறங்கும். பூச்சியத்தைத் தொட்டால் அமெரிக்க மக்களுக்குப் போர் சலித்துவிட்டது, பேச்சுவார்த்தைக்குப் போகிறார்கள் என்று பொருள். ஜப்பான் வென்றுவிடும். மிகச் சிறந்த யோசனை இது. ஏனென்றால் 1941ல் டோக்கியோ போட்ட கணக்கும் ஏறத்தாழ இதுதான்: அமெரிக்காவைத் தோற்கடிக்க முடியாது, சலிப்படைய வைக்கலாம்.

இரண்டாவது பகுதி, இந்தியாவின் நிலை. இதற்கும் ஒரு அளவுகோல் உண்டு. நிலையாக இருக்கிறது என்பதில் தொடங்கி, கொந்தளிப்பு வழியாக, சரணடைந்தது என்பது வரை சில படிகள். ஜப்பான் வடகிழக்கு எல்லைக்குள் நுழைந்து அறுகோணங்களைப் பிடித்துவைத்துக்கொண்டால் இந்தியா படிப்படியாகச் சரியும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘இது போர் விளையாட்டு, படைகளை மட்டும்தான் காட்டும், மக்களின் மனம் இதற்கு அப்பாற்பட்டது’ என்று இந்த விளையாட்டு சொல்லவில்லை. மனத்தை எண்ணத் தெரிந்த விளையாட்டு இது. அமெரிக்கர் மனத்தை அழகாக எண்ணுகிறது. இந்தியரிடம் வரும்போது அதே கை தடுமாறுகிறது. இந்தியா ‘சரணடைந்தது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் யார்? டெல்லியிலிருந்த பிரிட்டிஷ் வைஸ்ராயா? 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று சிறைக்குப் போனவர்களா? 1943ல் வங்காளத்தில் சோறில்லாமல் செத்தவர்களா? இவர்கள் மூவரும் ஒரே எழுவாயாக முடியாது. கொந்தளிப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு அது கொந்தளிப்பு? வைஸ்ராய் மாளிகையிலிருந்து பார்த்தால் கொந்தளிப்பு. சிறையிலிருந்து பார்த்தால் அதற்குப் பெயர் போராட்டம். அமெரிக்காவுக்குக் கொடுத்த அளவுகோலின் பெயர் ‘மனவுறுதி’, இந்தியாவுக்குக் கொடுத்ததன் பெயர் ‘நிலை’. மனவுறுதி மனிதருக்கு உண்டு, நிலை பொருளுக்கும் உண்டு. திணை வேறுபாடு பெயரிலேயே வந்துவிட்டது பாருங்கள்.

மலாயாவுக்கு இரண்டும் இல்லை. சில அறுகோணங்கள் கை மாறினால் மலாயா சரண். அவ்வளவுதான்.

அந்த அறுகோணத்துக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், சிராங்கூன் சாலை வழியாக நடந்துபோனாலே போதும். பெருமாள் கோவிலைத் தாண்டினால் ஃபேரர் பார்க். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்து இரண்டே நாளில், இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகளிடமிருந்து பிரித்து அங்கேதான் கூட்டினார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலும் வட இந்தியர்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார், மேஜர் ஃபுஜிவாரா பேசினார், கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தத் திடலில் விரிகிறது. அன்று அங்கு நின்ற ஒவ்வொருவரும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கைதியாக இருப்பதா, எதிரியோடு சேர்ந்து நாட்டுக்காகப் போராடுவதா, அந்த எதிரியை நம்பலாமா? சிலர் சேர்ந்தார்கள், சிலர் மறுத்தார்கள், சேர்ந்து பிறகு விலகியவர்களும் உண்டு. விளையாட்டின் மொழியில் அந்த நேரத்தில் நடந்தது ஒன்றே: சில அட்டைகள் பலகையிலிருந்து எடுக்கப்பட்டன.

1943 ஜூலை 5ஆம் தேதி பாடாங்கில் நேதாஜி படையைப் பார்வையிட்டார். அக்டோபர் 21ஆம் தேதி டோபி காட் பக்கம் கேத்தே கட்டடத்தில் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைமை ஏற்ற லட்சுமி சாமிநாதன் மதராஸிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்தவர். சேர்ந்த பெண்களில் பெரும் பகுதியினர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அதே தோட்டங்களிலிருந்துதான் ஆண்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் என்பதைக் கவனியுங்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ரயில் பாதையிலும் தங்கை துப்பாக்கிப் பயிற்சியிலும் இருந்திருக்கலாம். பாதையில் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அதே தீவில், சூக் சிங் களையெடுப்பில் கொல்லப்பட்ட சீனர்களின் கதையைச் சமூகவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

நம் தாத்தா பாட்டிகள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்வார்கள். அதில் ‘காரன்’ இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மரவள்ளிக்கிழங்கு, அரிசிப் பற்றாக்குறை, வாழைமரம் அச்சிட்ட காசு, இவற்றோடு ஆட்களும் வருவார்கள் அந்தப் பேச்சில். அடித்தான், கேட்டான், கூட்டிக்கொண்டு போனான். எல்லாம் உயர்திணை வினைமுற்று. பயந்தவருக்கு எதிரியும் ஒரு ஆளாகத்தான் தெரிவான்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். "ஒரு மனிதர் நான்கு மாதத்தை ஒரு சுற்றாக்கி, பூமியின் மூன்றில் ஒரு பங்கை ஒரு மேசைமேல் வைத்திருக்கிறார். அதில் ஃபேரர் பார்க்கைத் தேடுகிறீர்களே, இது என்ன நியாயம்?" என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வரலாற்று ஆசிரியர். அவர் சொல்வதில் பாதி சரி. இந்த விளையாட்டு ஒரு தலைமையகத்தின் கண்ணால் எழுதப்பட்டது, அதை அது மறைக்கவும் இல்லை. தலைமையக அட்டை பக்கத்தில் இல்லையென்றால் படைகள் நகரவே நகராது. தூரத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஊர்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை. லண்டனிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் பார்த்தபோது சிங்கப்பூர் உண்மையாகவே ஓர் அறுகோணமாகத்தான் இருந்தது. அந்த வகையில் இது நேர்மையான படைப்பு. ஆனால் அவர் வாதத்தின் மறுபாதியை ஏற்க முடியவில்லை. அளவு சிறிதாக இருப்பது ஒன்று, அளவுகோலை ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் விடுவது வேறொன்று. பின்னதற்கு மேசையின் அளவைக் காரணம் காட்ட முடியாது.

நம் புறத்திணை மரபைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒருவகையில் இருவர் விளையாட்டுத்தான். புறப்பொருள் வெண்பாமாலையில் திணைகள் ஜோடி ஜோடியாக வருகின்றன: ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, படையெடுத்தால் வஞ்சி, எதிர்நின்றால் காஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி. சிங்கப்பூர் வீழ்ச்சியை நொச்சித் திணையில் பாடலாமா என்று வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. வடக்குப் பக்கம் மதிலே இல்லாத கோட்டைக்கு நொச்சி எப்படிப் பொருந்தும் என்று ஒருவன் கேட்டான். முழு மதிப்பெண் கொடுத்தேன். ஆனால் நம் புலவர்கள் ஜோடிகளோடு நிறுத்தவில்லை. வென்றவன், தோற்றவன் இருவரும் போன பிறகு களத்தில் நிற்பவர் பேசுவதற்கு என்று கையறுநிலை என ஒரு துறை வைத்தார்கள். ‘எம்பயர் ஆஃப் த சன்’ வஞ்சியும் காஞ்சியும் உழிஞையும் நன்றாகவே பாடுகிறது. கையறுநிலைக்கு அதில் சுற்று இல்லை.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திறனாய்வுக் கேள்வியில் "இந்தப் படைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் விறுவிறுப்பாக உள்ளது" என்று எழுதுகிறீர்கள். விறுவிறுப்பு ரோலர் கோஸ்டரிலும் இருக்கிறது. படைப்பு யாரை எழுவாயாக வைக்கிறது என்று பாருங்கள். யார் செயப்படுபொருளாகிவிட்டார்கள்? எந்த இடத்தில் செயப்பாட்டுவினை வந்து செய்தவரை மறைக்கிறது? ‘நகரம் கைப்பற்றப்பட்டது’ என்ற வாக்கியத்தில் கைப்பற்றியவரும் இல்லை, நகரத்தில் இருந்தவரும் இல்லை. நாவலுக்கும் செய்தித்தாளுக்கும் பலகை விளையாட்டுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். சொல்லாததைக் குறை சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. எல்லாவற்றையும் எந்தப் படைப்பும் சொல்லாது. அந்தப் படைப்பு தன் சொந்த விதிப்படியே சொல்லியிருக்கக்கூடியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறதா என்று காட்டினால்தான் உங்கள் வாதம் நிற்கும்.

ஆசிரியர்களுக்கு: முழு ஆட்டம் ஒரு நாளையே விழுங்கிவிடும், வகுப்புக்கு ஆகாது. 1941 தொடக்கத்தில் அட்டைகளை அடுக்கி, முதல் இரண்டு சுற்றுகளை மட்டும் ஆடுங்கள், மூன்று மணி நேரத்தில் முடியும். விதிகளை நீங்கள் முன்பே படித்துவைத்துக்கொள்வது நல்லது. மாணவர்கள் கையில் கொடுத்தால் விதிப்புத்தகத்தோடு சண்டை போட்டே நேரம் போய்விடும். ஆட்டம் நடக்கும்போது இரண்டு பேர் ஆட, ஒருவர் செய்தி வாசிப்பவராக நடப்பதைத் தமிழில் சொல்லட்டும், இன்னொருவர் அதை எழுதட்டும். முடிந்த பிறகு அந்தத் தாளை எடுத்து, அஃறிணை வினைமுற்று ஒவ்வொன்றையும் உயர்திணையாக மாற்றச் சொல்லுங்கள். ‘படை அழிந்தது’ என்பதை மாற்றப் போனால் ‘யார் அழிந்தார்கள்?’ என்று தேட வேண்டியிருக்கும். என் வகுப்பில் ஒருவன் ஸ்லிம் ஆற்று வாக்கியத்தை மாற்ற உட்கார்ந்து, 11ஆம் இந்தியப் படைப்பிரிவில் யார் யார் இருந்தார்கள் என்று தேசிய நூலகத்துக்குப் போனான். கூர்க்காக்களும் பஞ்சாபியரும் இருந்ததைக் கண்டுபிடித்து வந்து, பெயர்கள் கிராஞ்சி நினைவிடத்துச் சுவரில் இருக்குமா என்று கேட்டான். அடுத்த விடுமுறைக்கு அங்கே போவதாக இருக்கிறோம்.